மேனேஜர் கூண்டுக்குள் போன விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் அன்புடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, நாய் ஆகிய மூவரும் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள், என் மகள், பிறந்து மூன்று மாதமான என் பேத்தி மூவரும் அதேபோல் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்குக் கழுத்து நின்றுவிட்டதா? சிரிக்கிறாளா? சிரித்தால் யார் ஜாடை என்பதை நடுநிலையோடு பார்த்து எழுதவும்.

போனிலேயே சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசினால் உங்கள் அத்தை பின்னாலிருந்து நான்கு வாக்கியம் திருத்துகிறாள். மேலும் முப்பத்தொரு வருடம் சிறைக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் எனக்கு நிம்மதி. கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். முழங்கால் மேல் பலகை வைத்து எழுதுகிறேன். வெளிச்சமும் கோடு கோடாகத்தான் விழுகிறது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை, வெற்றி! மேனேஜர் கூண்டுக்குள் போய்விட்டார்! யாரும் தள்ளவில்லை, இழுக்கவில்லை, தன் நான்கு காலாலும் தானே நடந்து போனார்! கதவைச் சாத்தினால் ஒரு முனகல் கிடையாது! ஆகையால் இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே கோழிப்பண்ணை வைத்திருக்கும் உங்கள் நண்பருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நாயை ஏற்றிப்போக வேன் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடவும். மறக்காமல் சொல்லவும். முடிந்தால் இரண்டு முறை சொல்லவும்.

உங்கள் நிபந்தனையை நான் குறை சொல்லவே இல்லை. கைக்குழந்தையோடு ஒரு மாதம் வந்து தங்கும் வீட்டில், முப்பது கிலோ நாய் சோபாவிலிருந்து தொட்டிலுக்கும் தொட்டிலிலிருந்து சோபாவுக்கும் பாய்ந்துகொண்டிருக்கக் கூடாது, சொன்ன நேரத்தில் கூண்டுக்குள் போய்ப் படுக்க வேண்டும், பதினைந்து நாளில் பழகாவிட்டால் கோழிப்பண்ணைக்குப் போய்விட வேண்டும் என்றீர்கள். நியாயமான தீர்ப்பு. அடுத்தவர் எழுதிய தீர்ப்பை நிறைவேற்றியே சம்பளம் வாங்கியவன் நான், எனக்கா புரியாது? ஆனால் எந்த வேலையும் செய்யாமல் எல்லா அறையிலும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததே உங்கள் மனைவிதான் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்த அன்றே பிரித்தேன். நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், நல்ல கம்பி. கூடவே நான்கு பக்கத்துக்கு விதிமுறைகள். அதைக் கூண்டு என்று சொல்லக் கூடாது, கிரேட் என்றுதான் சொல்ல வேண்டும், அது நாயின் சொந்த அறை என்று முதல் வரியிலேயே போட்டிருந்தீர்கள். எங்கள் இலாகாவிலும் இப்படித்தான், நான் இருந்த காலத்துக்குள் மூன்று முறை பெயர்ப்பலகையை மாற்றினார்கள், கம்பி கம்பியாகவேதான் இருந்தது. போகட்டும். இருபது நிமிடத்தில் மாட்டி முடித்துவிட்டேன். உங்கள் கதவில் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலி தும்மினால் திறந்துகொள்ளும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாத்தியதும் தானாக விழுகிற ஸ்பிரிங் தாழ்ப்பாளாக ஒன்று வாங்கி வந்து, உள்ளேயிருந்து எந்தக் கையும் எட்டாத இடமாகப் பார்த்து மாட்டினேன். எட்டாத இடத்தில் மாட்டுவது எங்கள் தொழிலில் பாலபாடம். இது பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளவும்.

மறுநாளிலிருந்து முறைப்படி தொடங்கினேன். காலை ஆறு மணிக்கு விசில். உடனே கம்பித் தட்டு. கம்பித் தட்டு என்றால் உங்களுக்குத் தெரியாது. கைதி அறுத்து வைத்திருக்கிறானா என்று பார்க்க ஒவ்வொரு கம்பியையும் தடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும், நல்ல கம்பி கணீர் என்று சொல்லும், அறுபட்ட கம்பி சொத்தையாகச் சத்தம் போடும். கூண்டில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கம்பி. காலையில் ஒரு தட்டு, மாலையில் ஒரு தட்டு. பிறகு எண்ணிக்கை எடுத்து நோட்டில் எழுதுவேன்: இருக்க வேண்டியவர் ஒன்று, உள்ளே இருப்பவர் பூஜ்யம். பத்து நாளும் பூஜ்யம்தான். என் பணிக்காலம் முழுவதும் ஒரு நாள்கூட எண்ணிக்கை தவறாதவன், ஒரு நாயிடம் பத்து பூஜ்யம் வாங்கினேன். எதிர்வீட்டு டெய்லர் வேறு வாசலில் நின்று, "என்ன சார், ரெண்டு வேளையும் கிரில் வேலை நடக்குது? எனக்கும் ஒரு ஜன்னல் இருக்கு, பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விசிலை எடுத்தாலே மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார், வால் மட்டும் வெளியே இருக்கும். உங்கள் தாளில் சொன்னபடி சாப்பாட்டைக் கூண்டுக்குள் வைத்தேன். முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, பின்னங்கால் இரண்டையும் வெளியே ஜாமீனில் நிறுத்தி, உடம்பை ரப்பர் மாதிரி இழுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். தட்டை இன்னும் உள்ளே தள்ளினேன். தட்டோடு கவ்வி வெளியே இழுத்து வந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவருடைய படுக்கையை உள்ளே போட்டேன், என் படுக்கையில் படுத்தார். உங்கள் அத்தை இத்தனையையும் பார்த்துவிட்டு, "உள்ள ஆளே இல்லாத ஜெயிலுக்கு ஒரு காவல்காரர், அவருக்கு ஒரு விசிலு" என்று சொன்னாள். நான் வெளியே கிளம்பிவிட்டேன். அவள் பேச ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வருவது என் நெடுநாளைய வழக்கம்.

(பேனா மை தீர்ந்துவிட்டது. எழுந்து போய் எடுக்க வசதிப்படவில்லை. உங்கள் அத்தையைக் கூப்பிட்டு வேறு பேனா வாங்கித் தொடர்கிறேன்.)

பதினோராம் நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கே நாள். உங்கள் தாளின் மூன்றாம் பக்கத்தில், நாய் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும் என்று போட்டிருந்தது. சரி, பார்க்கட்டும் என்று, "இதோ பாரு மேனேஜர், ஐயா போறேன், ஒண்ணும் ஆகலை பாரு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தவழ்ந்து உள்ளே போனேன். ஒல்லியான உடம்பு, இடம் தாராளமாகவே இருந்தது. திரும்பி உட்கார்ந்து, "வா, வா" என்று கையை நீட்டினேன். மேனேஜரும் கூண்டு வாசல் வரை வந்தார். வந்தவர், இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, வெளியிலிருந்து கதவு மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். டக்!

அந்த டக் சத்தம் எனக்கு எவ்வளவு பழக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நானூறு முறை கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை, மாப்பிள்ளை. கையை விட்டுத் துழாவினேன். எட்டவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், அதற்குத் தாழ்ப்பாளும் நானே வாங்கி வந்திருக்கிறேன். அரை மணி நேரம் கௌரவத்தைக் காப்பாற்றினேன். அப்புறம், "ஏய், கொஞ்சம் இங்க வாயேன்" என்று கூப்பிட்டேன்.

உங்கள் அத்தை வந்தாள். பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். துவைத்த துணிக் கூடையையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.

"கதவைத் திற" என்றேன்.

"தொறக்கிறேன், என்ன அவசரம்? முப்பத்தெட்டு வருஷமா நான் வாயைத் தொறந்தா நீங்க செருப்பை மாட்டுவீங்க. இன்னைக்கு மாட்டுங்க பாக்கலாம்."

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வருமாம். வந்துவிட்டது. எங்களிடம் கைதியைப் பார்க்க வருபவருக்கு இருபது நிமிடம்தான் அனுமதி. உங்கள் அத்தை ஒரு மணி பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவள் தங்கையின் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் நான் டூட்டிக்குக் கிளம்பிப் போனதில் ஆரம்பித்தாள். சமையலறை அலமாரிக்குக் கதவு போட்டுத் தருகிறேன் என்று நான் சொல்லி ஒன்பது வருடம் ஆவது வந்தது. வீட்டுப் பூட்டுகளை நான் மூன்று முறை இழுத்துப் பார்ப்பது வந்தது. பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனபோது ஆஸ்பத்திரியில் எல்லோரையும் நான் வரிசையில் நிற்கச் சொன்னது வந்தது. நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்காமல் எங்கே போவது? கேட்கக் கேட்க, பாதிக்கு மேல் அவள் சொல்வது சரியாகவே இருந்ததுதான் எனக்கு அதிர்ச்சி.

கடைசியில் நாய் விஷயத்துக்கு வந்தாள். "தெனம் ரெண்டு வேளை தடியை எடுத்து அந்தக் கம்பியைப் போட்டு அடிச்சா, அது எப்படிங்க உள்ள வரும்? அதுக்கு நீங்கதான் ஜெயிலைக் காட்டிட்டீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நூற்றுப் பன்னிரண்டு கம்பியைத் தட்டினேனே தவிர, அந்தச் சத்தம் அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அப்புறம் கடைசிச் சட்டையை மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அது போயிடுச்சுன்னா காலையில எழுந்து நீங்க யாரை எண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை. மறைப்பானேன்? ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, எண்ணுவதற்கு யாருமில்லாமல் கூடத்தில் நின்றேன். அந்த வாரம்தான் உங்கள் மனைவி இந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அன்றிலிருந்து ஆறு மணிக்கு நான் "ஒண்ணு" என்பேன், அது வாலை ஆட்டும். என் வேலை அவ்வளவுதான். அதைக் கோழிகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டால் அதற்கு என்னவோ, எனக்குத் தாங்காது.

"சரி, டீ குடிக்கிறீங்களா?" என்றாள். டம்ளர் உள்ளே வர வேண்டுமே என்று தாழ்ப்பாளைத் திறந்தாள். அந்த ஒரு நொடியில், மாப்பிள்ளை, மேனேஜர் எழுந்து, அவள் கைக்கு அடியில் புகுந்து, உள்ளே வந்து, மூன்று சுற்றுச் சுற்றி, என் முழங்கால் மேல் தலையை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டார்! நான் கத்திவிட்டேன்! உங்கள் அத்தை வாயில் விரலை வைத்து, "உஷ்!" என்றாள். பதினோரு நாளில் முதல் தடவையாக நோட்டில் பூஜ்யம் இல்லாத எண்ணிக்கை!

இன்று மூன்றாம் நாள். தடியைப் பரணில் போட்டாகிவிட்டது, விசிலை ஒளித்தாகிவிட்டது. காலையில் ஒரு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம், கதவைச் சாத்தியபடி நிம்மதியாகத் தூங்குகிறார். தபால்காரர் வந்தாலும் குரைப்பதில்லை. உங்கள் நான்கு பக்கத்தில் கேட்டிருந்த அத்தனையும் பூர்த்தி. நன்னடத்தைச் சான்றிதழ் என் கையெழுத்திலேயே தருகிறேன். எனவே வேன் வேண்டாம். வேன் வேண்டவே வேண்டாம்.

உங்கள் வேலையும் உடம்பும் ஒன்றுக்கொன்று சண்டை போடாமல் இருக்கட்டும். மகளிடம் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். பேத்தி நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக வளர எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
(தலைமைச் சிறைக்காவலர், ஓய்வு)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது உங்க அத்தை எழுதுறது. கூரியர்ல அனுப்ப, கவர்ல போட்டு ஒட்டச் சொல்லி என்கிட்ட நீட்டினார், படிச்சுப் பாத்தேன். எனக்கு அவரை மாதிரி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். அவர் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு விஷயத்தை விட்டுட்டார். மேனேஜர் உள்ள போறது, மாமா உள்ள இருந்தாத்தான். அவர் வெளிய வந்தா அதுவும் வெளிய வந்துரும். காலையில ஒரு மணி நேரம், மதியம் ரெண்டு மணி நேரம்னு எழுதியிருக்காரே, அது அவருக்கும் சேத்துத்தான். இந்தக் கடுதாசி முழுக்க கூண்டுக்குள்ள உக்காந்துதான் எழுதினார். ரெண்டாவது பக்கத்துல மை கலைஞ்சிருக்கே, அது நாய் நக்கினது.

நீங்க வேனை வரச் சொல்றதா இருந்தா சொல்லுங்க, ஆனா வர்றவர்கிட்ட ரெண்டு பேருக்கும் இடம் இருக்கான்னு கேட்டுக்கங்க. பிரிச்செல்லாம் அனுப்ப முடியாது. என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். நீங்க பாப்பாவோட வந்தா தொட்டில்கிட்ட நாயும் வராது, தொட்டிலை எப்படி ஆட்டணும்னு சொல்லிக்கொடுக்க மாமாவும் வரமாட்டார். எனக்கும் தெனம் மூணு மணி நேரம் நாற்காலி போட்டுப் பேச ஆளு இருக்கு, இதுவரைக்கும் ஒரு பத்து வருஷக் கதைதான் முடிஞ்சிருக்கு. நேத்து நான் அளந்து சொல்ல, அலமாரிக் கதவுக்கு அளவுகூட உள்ள இருந்தே எழுதிக் கொடுத்தார்.

கொஞ்சம் இருங்க, கூப்பிடுறார். ஒண்ணுமில்ல, நோட்டுல எழுதச் சொல்றார். அதையே உங்களுக்கும் எழுதிடுறேன்.

மதிய எண்ணிக்கை: இருக்க வேண்டியவர் ஒண்ணு, உள்ள இருப்பவர் ரெண்டு. சரியா இருக்கு.