ஒரு வார்த்தையின் பூர்வீகமும் மூன்றாம் ஓலையும்

சேசு மரி சூசை துணை

பென்னாகரம்
14-6-1971

பொம்மிடி மைத்துனர் யாகப்பன் அவர்களுக்குச் சவரிமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காள் ரோசம்மாளும் உயிரோடு இருக்கிறோம்; சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் சுகத்துக்கும் ரயில்வே உத்தியோகத்துக்கும் ஆண்டவரைப் பிரார்த்திக்கிறேன்.

ஜெர்மனிக்குப் போன மற்ற பிள்ளைகள் இயந்திரம் படிக்கிறார்கள், மருந்து படிக்கிறார்கள். என் மகன், உங்கள் மருமகன் லூர்துராஜ் நாலு வருஷமாக ஒரே ஒரு வார்த்தையைப் படிக்கிறான். மணப்பெண்ணை இங்கிலீஷில் பிரைடு என்கிறார்களே, அதுதான். ஜெர்மன்காரன் ப்ரௌட் என்கிறானாம், ஸ்வீடன்காரன் ப்ரூட் என்கிறானாம், ஹாலந்துக்காரனும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறானாம். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாம். அந்தத் தாய் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாமல் இவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். கோதிக் என்று ஒரு பழைய பாஷை, பேசினவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதில் இந்தச் சொல்லுக்கு மருமகள் என்று அர்த்தமாம். ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனுக்கெல்லாம் மருமகள் வந்துவிட்டாள் மச்சான், எனக்கு இன்னும் வரவில்லை.

நான் செய்த புத்திகெட்ட காரியம் உங்களுக்குத் தெரிந்ததே. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டால் பயல் ஓடி வந்துவிடுவான் என்று, அவனைக் கேட்காமலே சாமியாரிடம் அவன் பேரையும் இசபெல்லா பேரையும் கொடுத்தேன். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது, கடைசி. அவனோ, வார்த்தையின் பூர்வீகம் கிடைக்காமல் வர முடியாது என்று எழுதிவிட்டான். நேற்றுப் பூசை முடிந்ததும் பெண்ணின் தகப்பனார் சின்னப்பன், உங்கள் பொம்மிடியிலிருந்து பஸ் ஏறி வந்தவர், கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தைக்கே நாலு வருசம்னா, எம் பொண்ணுகிட்ட சரின்னு சொல்ல எத்தினி வருசங்க ஆவும்? அதுவரைக்கும் அவளை வூட்டுலயே வெச்சிக்கிட்டு நான் என்னாங்க பண்றது?"ன்னு கேக்கறார். சுத்தி நின்ன சனமெல்லாம் சிரிக்குது. உங்கக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, என்னை அங்கேயே விட்டுட்டு வூட்டுக்கு நடந்துட்டா. இசபெல்லா மாதிரி ஒரு பொண்ணு இனிமே நமக்கு எங்க கிடைக்கும்?

ஆகையால் கடிதம் கண்டவுடன் சின்னப்பன் வீட்டுக்குப் போய், எங்கள் பையன் லாயக்கில்லை, பெண்ணுக்கு வேறு இடம் பாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிடவும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

உங்களையும் பிள்ளைகளையும் தேவமாதா காப்பாளாக. இந்த வீட்டை மட்டும் அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சவரிமுத்து

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தந்தி வந்தது. அந்த வார்த்தையின் பூர்வீகம் ஒருவருக்கும் தெரியாது என்று லூர்துராஜ் நிரூபித்துவிட்டானாம். டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்களாம். சனிக்கிழமை வந்து சேருகிறானாம், ஓலையை நிறுத்த வேண்டாமாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சின்னப்பன் வீட்டுப் பக்கமே போய்விடாதீர்கள். ஆனாலும் மச்சான், தெரியாதுன்னு சொல்ல நாலு வருசமா? என்னைக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேனே!