சுவருக்கு அந்தப் பக்கம்

“எங்கப்பா வாயால ‘போ’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே தனிக்குடித்தனம் வாரேன்” என்று கல்யாணமான புதிதில் கெசியா சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே மாமனார் ஐப்பசியில் கண்ணை மூடிவிட்டார். ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டோட மாப்பிள்ளையாகவே மாட்டிக்கொண்டார் தேவசிகாமணி வாத்தியார்.

செத்தவரைப் பேசவைத்தால்தான் விடுதலை.

அதற்கு வழி அவர் பாடத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரே கம்ப்யூட்டரை, தூசி படும் என்று போர்வை போர்த்திப் பூட்டிவிட்டார்கள். வாத்தியார் பிள்ளைகளை வீட்டுக்கே வரவழைத்து, பலகையில் ஐந்து டார்ச் பல்புகளை மாட்டவைத்து பைனரி சொல்லிக்கொடுத்தார். எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூஜ்யம். வலது ஓரத்துப் பல்புக்கு மதிப்பு ஒன்று. இடப்பக்கம் போகப்போக இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. எல்லாம் எரிந்தால் முப்பத்தொன்று. உயிர், மெய், ஆய்தம் சேர்த்துத் தமிழுக்கும் அதே முப்பத்தொன்று! ‘அ’ ஒன்று, ‘ஆ’ இரண்டு என்று வரிசையாக எண் வைத்து, பிள்ளைகள் பல்பிலேயே பேர் எழுதின. கெசியா டீ போட்டுக் கொடுத்தாள்; வயரைப் பிடித்துக்கொண்டாள்.

வாத்தியார் அந்தப் பலகையை மாமனாரின் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார். சுவரைத் துளைத்து வயரை விட்டு, பின்னாலிருந்த சாமான் அறையில் சுவிட்சுகளையும் பேட்டரிக் கட்டைகளையும் வைத்தார்.

அந்தி. அடைமழை. கரண்டு போய்விட்டது. கெசியா அரிக்கேன் விளக்கோடு கூடத்துக்கு வந்தாள். பல்புகள் பைய எரிந்தன. அணைந்தன. வேறு மாதிரி எரிந்தன. ஆளில்லாத நாற்காலி மஞ்சளாகி, மறுபடி இருண்டது.

“அப்பா...?”

அணைக்கட்டில் தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும். சுவருக்குப் பின்னால் வாத்தியாருக்கே முதுகு சிலிர்த்தது.

காலையில் இட்லி வைத்தபடி சொன்னாள்: “நேத்து அப்பா வந்தாங்க.”

“அப்படியா? என்னட்டி சொன்னாரு?”

“மொத எழுத்து ‘ப்’. ரெண்டாவது ‘வ்’.”

“‘ஓ’ல்லா வரணும்!” வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். “உனக்கு எப்படி அதப் படிக்கத் தெரியும்?”

“பிள்ளையளுக்கு டீ குடுத்துட்டு கண்ண மூடிக்கிட்டா நின்னேன்? ரெண்டாவது எழுத்த வலம் இடமா மாத்திப் பாத்தேன், ‘ஓ’ வந்துச்சு. மொத எழுத்து எங்கன இருந்து பாத்தாலும் ஒண்ணுதான். அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எழுதுதாங்க போலுக்கு.”

வாத்தியார் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். “அப்போ... ‘போ’ன்னுதான சொல்லிருக்காரு? பாளையங்கோட்டைல வீடு பாத்திரட்டா?”

“பொறுங்க. யாரு போணும்னு சொல்லலையே. இன்னைக்குச் சொல்லுவாங்க.”

வாத்தியார் அன்று மத்தியானமே பேட்டரிக் கட்டைகளை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேய் வேலை போதும்.

அந்தி. மறுபடி மழை, மறுபடி இருட்டு. வாத்தியார் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்த அம்மிச் சத்தம் நின்றது. எங்கிருந்தோ மாமனாரின் சுருட்டு வாடை வந்ததுபோல் இருந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கட்டைகள் அங்கேயேதான் இருந்தன.

பல்புகள் எரிந்தன.

இருபது: ந். நாலு: ஈ. இருபத்தொன்று: ப். பதினொன்று: ஓ. இந்தத் தடவை வலம் இடம் மாறவே இல்லை.

*நீ போ.*

“ஏசப்பா!” செருப்பைக்கூடத் தேடாமல் முற்றத்து மழையில் போய் விழுந்தார் வாத்தியார்.

கெசியா ஒரு கையில் குடையும் மறு கையில் அவர் துணிப்பையுமாக வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா சொன்னா மறுபேச்சு கிடையாது. பாளையங்கோட்டை பஸ்ஸு இப்ப வந்திரும். பாத்துப் போங்க, டார்ச் குடுக்கலாம்னா அதுல இருந்த கட்டைய இப்பத்தான் உங்க பல்புக்குப் போட்டேன்.”