இறங்கினதும் இடது பக்கம்

எனக்கு வழி சொல்லத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. (என் மனைவி பார்த்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.)

அப்போது நான் கோலார் தங்க வயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் சாஃப்ட்வேர்காரன். அங்கே மாரிகுப்பத்தில் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். "கவலைய வுடுங்க பாஸ்டர். ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன், ஆர்கன் தானா வாசிக்கும்" என்று அளந்துவிட்டேன்.

ஆண்டு விழாவன்று அரங்கேற்றம். அன்றைக்கே குடியாத்தத்திலிருந்து பெண் ஸ்டெல்லாவின் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமென்று அம்மா உபவாசம் இருந்தாள். மாப்பிள்ளையின் திறமையைச் சபை நடுவே காட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

நாம் எழுதும் புரோகிராமை ஓட்டுவது ரன்டைம். ஆர்கன் சத்தம் வர அதற்கு ஒரு லைப்ரரி ஃபைல் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் இல்லையென்றால் கையை விரித்துவிடும். 'நீ நிற்கிற இடத்திலேயே பார்' என்று நான் எழுதியிருந்தேன். வீட்டில் அந்த ஃபைல் இருந்த ஃபோல்டருக்குள் போய்த்தான் புரோகிராமை ஓட்டுவேன், கிடைத்துவிடும். சர்ச் கம்ப்யூட்டரில் ஸ்டைலாக டெஸ்க்டாப்பில் ஓர் ஐகான் வைத்தேன். அதைத் தட்டினால் ரன்டைம் வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடும் என்பது இந்த மேதைக்கு உறைக்கவில்லை.

முதல் பாட்டு. தட்டினேன். 'லைப்ரரி ஃபைல் இல்லை' என்று பெரிய திரையில் சபைக்கே தெரிந்தது. ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மறுபடி தட்டினேன். இல்லை. பாஸ்டர், "மௌனமாக ஜெபிப்போம்" என்றார். மூன்றாவது மௌன ஜெபத்தில் என் சட்டை தொப்பலாகிவிட்டது.

அப்போதுதான் ஸ்டெல்லா வீட்டார் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்கள். அவள் அப்பா நேரே என்னிடம் வந்து மெதுவாகத்தான் பேசினார். ஆனால் மௌன ஜெபமாயிற்றே, எல்லோருக்கும் கேட்டது.

"இன்னா தம்பி, இறங்கினதும் இடது பக்கம், மூணாவது தெருவுல சர்ச்சுன்னீங்க. போனோம். அங்கயும் ஒரு சர்ச்சு கீது. பாதிப் பூசை பாத்துட்டு வர்றோம்."

"ரயில்ல இருந்து இறங்கினதும், மாமா." (முறை வைப்பதில் மட்டும் அவசரம்.)

"நாங்க பஸ்ஸுல இல்ல வந்தோம்?"

எங்கள் ஊரில் தினமும் ரயிலில் போய் வருகிறவனுக்கு, இறங்குவது என்றால் ரயிலிலிருந்துதான். பஸ் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

ஸ்டெல்லாவும் கம்ப்யூட்டர் வேலைதான். என் திரையை எட்டிப் பார்த்தாள். "அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே இதுக்கும் சொல்லிக்கீறீங்க. முதல்ல இருந்து முழு வழியும் எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ஆர்கன் முழங்கியது. பின்வரிசையில் அம்மா அழுதுகொண்டே பாடினாள்.

சாப்பாட்டின்போது ஸ்டெல்லாவின் அப்பா பிடி கொடுக்கவில்லை. "ஒழுங்கா வழி சொல்லத் தெரியாத ஆள நம்பி எப்படிம்மா?"

"வழிய நான் சொல்லிக்கிறேன்பா" என்றாள் ஸ்டெல்லா.

இப்போது நாங்கள் பெங்களூரில். அம்மா இல்லை. எந்த சர்ச்சில் ஆர்கன் முழங்கினாலும் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கிறேன். போன வாரம் புது வீட்டுக்குக் குடிவந்தோம். மாமாவைப் போனில் கூப்பிட்டு, "வீடு சுலபம் மாமா, இறங்கினதும் வலது பக்கம்" என்றேன்.

அவர் உடனே, "போனை ஸ்டெல்லாகிட்ட குடுங்க மாப்ள" என்றார்.