பெண் பார்க்க வந்தவர்கள் தலையில் விழுந்த கூரை

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர்கள் கண்ணில் மட்டும் பசை டப்பா படக்கூடாது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். என் கண்ணில் பட்டுவிட்டது.

குடவாசலில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் உள்கூரைத் துணி பின்சீட்டுக்கு மேலே தொந்தி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கும்பகோணத்தில் சீட் கவர் தைக்கிற கடையில் காட்டினேன். துணிக்கு அடியிலிருந்த ஸ்பான்ச் மக்கிவிட்டது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத்துணி ஒட்ட வேண்டும், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். இரண்டு நாளா? காபி ஆறுகிற வரைக்கும்கூட எனக்குப் பொறுமை கிடையாது. (நாக்கு பாதி நாள் வெந்துதான் இருக்கும்.)

சித்திரை பிறந்து முதல் ஞாயிறு என்னைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். அம்மா என்னை வீட்டை விட்டுத் துரத்தினாள். வாசலில் கார் நின்றது. செருப்பு ஒட்டுகிற பசையைக் கூரை முழுக்கப் பூசித் துணியை அழுத்தித் தேய்த்துவிட்டேன். சுரண்டுகிற வேலையெல்லாம் கடைக்காரர்கள் காசு பார்க்கச் சொல்வது என்பது என் கருத்து. தொந்தி மறைந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

அந்தக் காருக்கும் மறுநாளுக்கும் சம்பந்தமே இல்லை. கும்பகோணம் ஸ்டேஷனிலிருந்து அவர்களை அழைத்துவர வாடகைக் கார் சொல்லியிருந்தோம். காலையில் டிரைவர் போன் செய்து, வண்டி வழியில் நின்றுவிட்டது என்றார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மிச்சம் நான்தான்.

"பொண்ணு பாக்க வர்றவங்கள பொண்ணே போயி கூட்டிட்டு வருவாளாடி?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் நான் சாவியை எடுத்துவிட்டேன்.

ரயில் தாமதம். பட்டுப்புடவையோடு பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். வெளியே வெயிலில் கார் வெந்துகொண்டிருந்தது. உள்ளே பசை இளகிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை சுந்தர் முன்சீட்டில் ஏறினார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பின்னால். அந்த அம்மா நல்ல உயரம். கொண்டையும் உயரம். யார் நீ என்று கேட்காமல், போட்டோவில் பார்த்த முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

குடவாசலுக்கு முன்னால் ஓரிடத்தில் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். வருகிற வண்டிகள் ஏறினால் காய் உடைந்து உளுந்து உதிரும். நானும் ஏற்றினேன். வண்டி குலுங்கியது. பின்னால் ஏதோ 'சரக்' என்றது. கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டைக் காணவில்லை. சாம்பல் நிறத் துணிக்குள் இரண்டு உருவங்கள் அசைந்தன.

"கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றது துணிக்குள்ளிருந்து மாமனார் ஆகவேண்டியவரின் குரல். மிக மரியாதையான குரல்.

நிறுத்தினேன். மாமனார் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் வெள்ளைச் சட்டை முழுக்க மக்கிய ஸ்பான்ச் மஞ்சள்தூளாகக் கொட்டிக் கிடந்தது. அத்தை ஆகவேண்டியவரால் வரமுடியவில்லை. கொண்டை, துணியில் ஊறி வெளியே வந்திருந்த பசையில் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இழுத்தேன். "இழுக்காத" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

உளுந்து புரட்டிக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் கதிர் அரிவாளை நீட்டினார். சுந்தர் அதை வாங்கி, தன் அம்மாவின் தலையைச் சுற்றித் துணியை வட்டமாக அறுத்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓடிப்போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அத்தை காரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அம்மா வரவேற்றாள். தலையில் சாம்பல் நிறக் குல்லாவோடு சம்பந்தி அம்மாள் இறங்கினார். அம்மா முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. என்னை ஓரமாக இழுத்துச் சொன்னாள்: "அவங்க பக்கத்து வழக்கமா இருக்கும். நீ ஒண்ணும் கேட்டுத் தொலைக்காத."

அப்புறம் தேங்காய் எண்ணெயோடு நான் அத்தை பின்னால் உட்கார்ந்தேன். பஜ்ஜி ஆறிப்போனது. கூடத்தில் அப்பாவும் மாமனாரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு முடியாக எண்ணெய் தடவிப் பிரித்தேன். கடைசி முடி வெளியே வந்ததும் அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நீயேதான் ஒட்டுனியா?"

"ஆமாங்க."

"கடையில குடுத்திருக்கலாமே?"

"ரெண்டு நாள் ஆகும்னாங்க."

அவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கூடத்திலிருந்து சுந்தர் எட்டிப் பார்த்தார். ஊருக்குப் போனதும் சொல்கிறோம் என்பதுதான் முறை. அவர்கள் அன்றைக்கே சரி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள், பஸ்ஸில்.

கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அத்தை எந்தக் காரில் ஏறினாலும், ஒரு காலை உள்ளே வைத்து நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார். பிறகு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். வாடகைக் கார் டிரைவர்கள் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒருவர் தானும் இறங்கி வந்து, பயபக்தியோடு கூரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.