காவில் நான் கேட்ட சுண்ணாம்பு

பறவைகளைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் பச்சையோ காக்கியோ உடுத்துவார்கள். பளிச்சென்ற வெள்ளைச் சுடிதாரில் போன ஒரே பிரகிருதி நானாகத்தான் இருப்பேன். (அம்மாவின் ஏற்பாடு. சொல்கிறேன்.)

உதியன்குளங்கரையிலிருந்து செங்கல் என்கிற ஊருக்குப் போகிற வழியில், எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய காவு உண்டு. தெய்வத்துக்கு விட்ட தோப்பு என்று யாரும் வெட்டத் துணியாத மரங்கள், நடுவில் ஒரு ஏழிலைப்பாலை மரம். அதில் ஒரு யட்சியை ஆணி அடித்து நிறுத்தியிருப்பதாகப் பேச்சு. உச்சி வெயிலில் தனியாக வருகிற ஆண்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். கையால் கொடுத்தால் முடிந்தது. மறுநாள் பல்லும் முடியும்தான் மிஞ்சும். இரும்பு முனையில் வைத்து நீட்டினால் பிழைக்கலாம். எங்கள் பக்கத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் சோறு தின்று வளர்ந்தவர் யாரும் கிடையாது.

அந்தப் பாலைப் பொந்தில் காலன்கோழி குஞ்சு பொரித்திருந்தது. கூவினால் சாவு என்று ஊரே பயப்படுகிற ஆந்தை அது. குஞ்சுகள் இன்றோ நாளையோ பறந்துவிடும். அன்றைக்குப் பார்த்து அம்மா வாசலை மறித்தாள்.

"எட்டி, மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஆளு விசாரிக்க வாறாங்களாம். இன்னைக்கு ஒரு நாளாவது பொண்ணா லெட்சணமா இரி."

எனக்கு அந்தச் சம்பந்தம் நடந்தே ஆக வேண்டும். என் படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறமும் கேமராவை விட்டுறாத" என்று சொன்ன ஒரே பையன் அவன். மற்றவர்கள் எல்லாம் மீன்கறி வைக்கத் தெரியுமா என்று கேட்ட கேஸ்கள். அதனால் அம்மா நீட்டிய வெள்ளைச் சுடிதாரை வாயைத் திறக்காமல் மாட்டிக்கொண்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, கேமராவும் ட்ரைபாடுமாக ஓடினேன்.

காவுக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. ரோட்டில் போகிற பஸ் சத்தம்கூட உள்ளே வரவில்லை. காற்றே இல்லை, ஆனால் என் தலைக்கு மேலே ஒரு கிளை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. திரும்பினேன். யாரும் இல்லை. (டிகிரி முடித்தவள்தான். இருந்தாலும் செங்கல் சிவனைச் சத்தமாகவே கூப்பிட்டேன்.)

கூப்பிட்டதும் குளவிதான் வந்தது. உதட்டில் ஒரு கொட்டு, கன்னத்தில் ஒன்று. இன்னொன்று முடிக்குள் புகுந்துவிட, கிளிப்பைப் பிடுங்கித் தலையை விரித்துப் போட்டு உதறினேன். உயிர் போகிற வலி. குளவிக் கொட்டுக்குச் சுண்ணாம்பு தடவினால் வலி கேட்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டே ஒற்றையடிப் பாதையில் வந்தார். மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆந்தை பறந்துவிடக் கூடாதே என்று (என் கவலையைப் பாருங்கள்) குரலை நன்றாகத் தாழ்த்தினேன்.

"மாமா... கொஞ்சம் சுண்ணாம்பு உண்டா?"

அவர் மெல்வது நின்றது. மடியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். பாக்குவெட்டி முனையில் சுண்ணாம்பைத் தொட்டு, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார். என்ன சுத்தம் பார்க்கிற மனுஷன் என்று நினைத்து, வீங்கிய உதட்டோடு நன்றாகச் சிரித்து வைத்தேன். நான் வழித்து எடுத்ததுதான் தாமதம், பாக்குவெட்டியைப் போட்டுவிட்டு "எனக்க அம்மே!" என்று ஓடினார். ஒரு செருப்பும் அங்கேயே கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் அந்த இடத்தில் எனக்கே நிற்க முடியவில்லை, நானும் ஓடினேன்.

வீட்டுக்கு வந்தால் வராந்தாவில் அவரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் சித்தப்பாவாம். விசாரிக்க வந்தவருக்குக் குறுக்கு வழி என்று யாரோ காவைக் காட்டிவிட்டிருக்கிறார்கள். போச்சு, என் கல்யாணம் போச்சு என்று வாசலிலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

"எனக்க மவதான் இது. குளவி கொட்டியிருக்கு," என்றாள் அம்மா.

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் கால்களையே பார்த்தார். (யட்சிக்குக் கால் தரையில் படாது.) நெடுநேரம் பார்த்தபிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"பொண்ணுக்கு காலு தரையில படுது. நான் நல்லா பாத்தாச்சு. பேசி முடிச்சிரலாம்."

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எந்த விருந்தாளி வந்தாலும், "இவளுக்கு காலு தரையில படும், கேட்டியளா?" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சித்தப்பா மட்டும் மெதுவாகக் கேட்பார்.

"அது இருக்கட்டு மக்கா. அன்னைக்கு உனக்க பின்னால நின்னு சிரிச்சாளே, அந்தப் பொண்ணு யாராக்கும்?"

அவர் விளையாடுகிறார் என்று என் கணவர் சொல்வார். அப்படியானால் காவில் நான் விட்டுவிட்டு வந்த ட்ரைபாடைப் போய் எடுத்து வாருங்கள் என்பேன். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்.