ஐந்தரை மணி நட்சத்திரம்

இருபது வயதுக்காரன் கையில் மைக்கைக் கொடுப்பவர்களைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும். என் கையில் கொடுத்தார்கள். விளைவாக நான் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தேன்.

மைசூரில் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். எங்கள் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு கேம்பஸ் ரேடியோ இருந்தது. அதன் ஒலி காம்பவுண்டு சுவரைத் தாண்டி, பக்கத்து மொஹல்லாவின் தெருக்கள் வரை மூச்சு வாங்கிக்கொண்டு போகும். வாரநாட்களில் மாலை ஐந்தரை முதல் ஆறு வரை என் அறிவியல் நிகழ்ச்சி. மற்ற நேரங்களில் பேச இன்னொரு முட்டாள் அகப்படாததால் டிரான்ஸ்மிட்டரை அணைத்தே வைத்திருப்பார்கள். அதைப் போடுவதும் அணைப்பதும் கொள்ளேகாலத்திலிருந்து வந்து படித்த என் வகுப்புத் தோழி காவேரியின் பொறுப்பு.

ப்ராஜெக்டில் நல்ல மார்க் வாங்கினால் எம்.எஸ்ஸி. சீட். இல்லாவிட்டால் அப்பா வேலை பார்த்த ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் செக்‌ஷன். அப்பா இதில் எந்த ஒளிவுமறைவும் வைக்கவில்லை.

என் ப்ராஜெக்ட், சூரியனிலிருந்து வரும் ரேடியோ இரைச்சலை அளப்பது. மொட்டை மாடியில் ஆன்டெனா, கீழே லேபில் ரிசீவர், அது சொல்வதைத் தாளில் கோடாக இழுக்கும் ஒரு பேனா. எல்லாவற்றையும் ஓடவிட்டுவிட்டு நிகழ்ச்சிக்குப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் தாளில் ஒரு மலை! ஐந்தரைக்கு ஏறி, ஆறு மணிக்கு இறங்கும். தினமும். புது நட்சத்திரம் என்று முடிவு கட்டினேன். சனி, ஞாயிறு மட்டும் வராது. (அதற்கும் ஒரு தியரி வைத்திருந்தேன். இப்போது சொன்னால் என் மகள் வீட்டைவிட்டுப் போய்விடுவாள்.)

துறைத் தலைவருக்குச் சந்தேகம். எனக்காகக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு இறங்கி வந்தார்; 'இல்லையா' என்பதற்கான 'அல்வா' மட்டும் கூடவே வந்துவிட்டது.

"ஏனப்பா, நட்சத்திரம்னா தினம் நாலு நிமிஷம் முன்னாடி வரணும் அல்வா? உன்னுது மட்டும் வாட்ச் கட்டிக்கிட்டு வருதா?"

"சார், இது புது வகை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. நான் அதைப் பொறாமை என்று குறித்துக்கொண்டேன். அன்று மாலையே ரேடியோவில், 'வானம் மைசூருடன் பேசுகிறது' என்று என் உடைந்த கன்னடத்தில் அறிவித்தேன். வானத்துக்கு மைசூரைவிட்டால் வேறு ஊர் தெரியாது என்பது போன்ற தொனி.

வைவா நாள். பெங்களூரிலிருந்து ஒரு மேடம் பரீட்சிக்க வந்திருந்தார். வாயால் சொன்னால் போதாதென்று, "நேரிலேயே காட்டுகிறேன்" என்று அவரையும் துறைத் தலைவரையும் ஐந்தரைக்கு லேபில் உட்காரவைத்தேன். நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று காவேரியிடம் சொல்லவில்லை. (மேதைகள் லீவ் லெட்டர் கொடுப்பதில்லை.)

ஐந்தரை ஆயிற்று. பேனா அசையவில்லை. ஐந்தே முக்கால். தாளில் தார் ரோடு மாதிரி நேர்கோடு.

"மேகமூட்டம்," என்றேன். ஜன்னல் வழியே வெயில் மேடத்தின் கண்ணைக் கூசவைத்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு காவேரி வந்தாள். "ஏப்பா, இங்கயா உக்காந்திருக்கற? நீயி வருவீன்னு டிரான்ஸ்மிட்டர் பொட்டியப் போடாமக் காத்துக்கெடக்கறேன். செரி, போன வாரத்து ரெகார்டிங்கப் போட்டுவுட்டர்றேன் போ!"

போனாள். சற்று நேரத்தில் பேனா துள்ளி எழுந்து மலை ஏறியது.

"பாருங்க மேடம்! வந்துடுச்சு!" என்று நான் கத்தினேன். (ஆமாம், அப்போதும் எனக்குப் புரியவில்லை.)

மேடம் நிதானமாக எழுந்து, ரிசீவரின் ஸ்பீக்கர் குமிழைத் திருகினார். கரகரப்புக்கு நடுவே ஒரு குரல், வானம் மைசூருடன் பேசுகிறது என்று உடைந்த கன்னடத்தில் முழங்கியது.

"யார் குரல் இது?"

"என்னுது, மேடம்."

அவர் துறைத் தலைவர் பக்கம் திரும்பினார். "கருவியில ஒரு தப்பும் இல்லை சார்."

பாஸ் மார்க் போட்டார். எம்.எஸ்ஸி. சீட் வேறு யாருக்கோ போயிற்று. ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்த வருடங்களில் காவேரியைக் கல்யாணம் செய்துகொண்டேன். நடந்ததை வெளியே சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் முக்கிய காரணம். அதுவும் தப்புக் கணக்கு. தாலி ஏறிய அன்றே பந்தியில் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. யாராவது சாமியார் இமயமலையில் வருஷக்கணக்காகத் தன்னைத்தானே தேடுகிறார் என்று டிவியில் சொன்னால் போதும், வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுவிடுவார்.

"அவ்வளவு தூரம் எதுக்குப் போறான் அவன்? எம்புள்ள லேபுல உக்காந்த எடத்துலயே தன்னைக் கண்டுபிடிச்சான். பாஸ் மார்க்தான் போட்டாங்க!"