மொட்டைத் தலையும் பூட்டு பாவாவும்

திருத்தணியில் முருகனை ஏமாற்றினாலும் ஏமாற்றிவிடலாம். பூட்டு பாவாவை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும்.

பாவா என் அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்கு லுங்கி டிசைன் போட்டுக் கொடுக்கும் எங்கள் கம்பெனியின் கணினிகளுக்கு அவர்தான் காவல். நாங்கள் அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். ஆனால் டிசைன்கள் இருக்கும் சர்வரை வெளியிலிருந்து யாரும் நேராகத் தொட முடியாது. நடுவில் ப்ராக்ஸி என்று ஒரு கணினியை நிறுத்தியிருந்தார். நாம் கேட்பதை அது உள்ளே போய் வாங்கி வந்து தரும். கருவறைக்குள் நாமா நுழைகிறோம், குருக்கள் கையில்தானே தேங்காயைக் கொடுக்கிறோம் என்பார்.

அவருடைய குருக்கள் லேசில் மசிய மாட்டார். ஆளுக்கொரு டோக்கன் உண்டு. சாவி வளையத்தில் மாட்டுகிற அளவுதான். அதில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆறு இலக்க எண் மாறும். பாஸ்வேர்டோடு அதையும் அடித்தால்தான் கதவு திறக்கும். எண்ணை வாயால் சொல்லக்கூடாது, டோக்கன் உடம்பை விட்டுப் பிரியக்கூடாது. ஒருமுறை முதலாளியே ரயிலிலிருந்து எண் கேட்டு போன் செய்தார். “எங்க மொதலாளி மாரியே பேசறீங்க” என்று பாராட்டிவிட்டு பாவா வைத்துவிட்டார்.

உடம்பை விட்டுப் பிரியக்கூடாது என்றாரே, நான் அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொண்டேன். ஆடிக் கிருத்திகை வந்தது. மொட்டை போட்டு, சரவணப் பொய்கையில் மூன்று முழுக்குப் போட்டு, சந்தனம் பூசி, அக்காவோடு மலை ஏறினேன். கூடவே லேப்டாப். மூன்று மணிக்குள் ஒரு கட்டத்தின் நிறத்தை மாற்றி அனுப்பாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். நாற்பது வீட்டுத் தறி சும்மா கிடக்கும். மண்டபத்தில் உட்கார்ந்து டோக்கனை எடுத்தேன். நானாவது மூன்று முழுக்கோடு எழுந்தேன், அது எழவே இல்லை.

மணி ஒன்று. வீடியோவில் பாவாவைக் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ரிஜிஸ்டரில் இருந்த என் படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“போட்டோல முடி கீது, மீசை கீது. நீங்க யாரு?”

காலையில் அவர் வீட்டில் ஆறு இட்லி தின்றவன் நான். அக்கா போனைப் பிடுங்கினாள்.

“இன்னாங்க, எந்தம்பிய எனக்குத் தெரியாதா?”

“நீ சொன்னா நான் நம்புவேன். ரிஜிஸ்டர் நம்பாதே.”

வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை முறை அடித்தாலும் எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், கோயில் என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா தடுக்கவில்லை, அவளும் சேர்ந்துகொண்டாள்.

இரண்டரை மணிக்கு, காவடிக் கூட்டத்துக்கு நடுவே, ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் ஆள் படியேறி வந்தார். கூட்டத்தால் மலைக்கு வண்டி விடவில்லை. இரண்டு முட்டியும் தேய்ந்துபோன மனிதர் அத்தனை படியையும் நடந்தே ஏறியிருக்கிறார். மூச்சு வாங்கியபடி என் தலையைத் திருப்பி, இடது காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தை ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தார். “ஆங், சரிதான்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு புது டோக்கனைக் கொடுத்தார். மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிசைன் போய்ச் சேர்ந்தது.

போனிலேயே எண்ணைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொல்லிக்கலாம். நாளிக்கி எவனாவது உன் பேரச் சொல்லிக்கினு வருவான், அவனுக்கும் சொல்லணும். உன் பேர்ல வேற எவனும் உள்ள பூரக்கூடாதுடா.”

முட்டியைத் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் தரிசனத்துக்குப் போனேன். வேண்டிக்கொள்ள ஒரு பட்டியலே வைத்திருந்தேன். சந்நிதியில் நின்றபோது அந்த இரண்டு முட்டிகளைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.